பூட்டிய அலுமாரிக்குள் பம்ப்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, ஆஸ்துமா இருக்கிறது. போன மாதம் விளையாட்டு நேரத்தில் அவனுக்கு இழுப்பு வந்தபோது, நீல பம்ப் (இன்ஹேலர்) ஒபிஸ் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது. திறப்பு வைத்திருந்தவர் சாப்பிடப் போய்விட்டாராம். பாடசாலைத் தாதியை அங்கே ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளுக்கு எடை கூட என்று மட்டும் கடிதம் அனுப்புகிறார்கள். இப்படியொரு சேவை எதற்கு? யாரிடம் முறையிடுவது?
ஒரு தாய், லண்டன்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அலுமாரி பூட்டியிருந்தது என்று வாசித்ததும் பதறிப்போனேன். தாதி வராதது பிறகு. முதலில் இதைப் பேசுவோம்.

இது பாடசாலை பதில் சொல்ல வேண்டிய விஷயம். இங்கிலாந்தில் நோயுள்ள பிள்ளையைக் கவனிக்கும் பொறுப்பை, 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் 100ஆம் பிரிவு அரச பாடசாலைகளின் நிர்வாகத்திடமே கொடுத்திருக்கிறது. ஆஸ்துமா பம்ப் பிள்ளைக்கு உடனே எட்ட வேண்டும், பூட்டி வைக்கக்கூடாது என்று அதற்கான அரசாங்க வழிகாட்டியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். இன்னொன்றையும் கேளுங்கள். 2014 ஒக்டோபர் முதல், மருந்துச்சீட்டு இல்லாமலே அவசரத்துக்கென ஒரு பொதுப் பம்ப் வாங்கி வைக்கப் பாடசாலைகளுக்கு அனுமதி உண்டு. வைத்திருக்கிறார்களா? இருந்தால், அதை மகனுக்குக் கொடுக்க உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். அன்றே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

இனித் தாதி. நம்மில் பலர் பாடசாலைத் தாதி என்றால் ஓர் அறையில் மருந்துப் பெட்டியோடு இருப்பவர் என்றே நினைக்கிறோம். அப்படியல்ல. 2013 முதல் இந்தச் சேவை உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. 2015இலிருந்து அரசாங்கம் கவுன்சில்களுக்குக் கொடுக்கும் பொதுச் சுகாதார மானியம் வெட்டப்பட, தாதிகளும் குறைந்துபோனார்கள். ஒருவருக்குப் பல பாடசாலைகள். அவருடைய நேரத்தில் பெரும்பங்கு ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக் கூட்டங்களுக்கே போய்விடுகிறது. இதைச் சொல்வது நீங்கள் பொறுத்துப் போக வேண்டும் என்பதற்காக அல்ல. வாசலில் தாதி நிற்கிறாரா என்று பார்ப்பதைவிட, மகனுக்கு எழுத்தில் ஒரு பராமரிப்புத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை வைத்துத்தான் நான் இந்தச் சேவையை நல்லது கெட்டது என்று சொல்வேன்.

அந்தத் திட்டத்தைப் பாடசாலையும் நீங்களும் தாதியுமாக இருந்து எழுத வேண்டும். எதனால் இழுப்பு வருகிறது, பம்பும் ஸ்பேசரும் (பம்பில் மாட்டி மருந்தை இழுக்கும் குழாய்) வகுப்பில் எந்த இடத்தில், அதைக் கொடுக்க யார் பழகியிருக்கிறார், அவர் லீவு என்றால் யார், சுற்றுலா போகும்போது யார் கையில்: எல்லாம் பெயரோடு வர வேண்டும். இழுப்பு வந்தால் பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, 30 முதல் 60 செக்கனுக்கு ஒரு பஃப், பத்து வரை; அடங்காவிட்டால், அல்லது இடையில் மோசமானால் உடனே 999க்கு அழைத்து அம்புலன்ஸ். இது வகுப்பாசிரியருக்கு மட்டுமல்ல, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மைதானத்தில் நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி தாதியிடம் கேளுங்கள்.

தாதியை எங்கே பிடிப்பது? மகளுக்கு வந்த அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அதில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கே அழைத்து மகனைப் பற்றியும் கேளுங்கள். பாடசாலையின் முதல் வகுப்பான ரிசெப்ஷனிலும் ஆறாம் வகுப்பிலும் இங்கே பிள்ளைகளின் உயரமும் எடையும் அளப்பது வழக்கம். கடிதம் மனதைச் சுட்டிருக்கும், தெரிகிறது. ஆனாலும் எறிந்துவிடாதீர்கள். அதே எடையிலும் நம் தெற்காசியப் பிள்ளைகளின் உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருக்கலாம். பேச வேண்டியதைத் தாதியிடம் பேசுங்கள்; மகளின் முன்னால், உறவினர் நடுவில் வேண்டாம்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், காசு கேட்க மாட்டார்கள். பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம்.

முறைப்பாடு என்றால் எல்லாம் மின்னஞ்சலில், திகதியோடு. பம்ப் விஷயம் தலைமை ஆசிரியருக்கு. அவர் அசையாவிட்டால் கவர்னர்களுக்கு, அதாவது பாடசாலை நிர்வாகக் குழுவுக்கு. தாதி பதிலே தராவிட்டால் அந்தச் சேவையை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதி, கவுன்சிலின் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கோடை விடுமுறை முடிந்து பாடசாலை திறந்ததும் செப்டெம்பரில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு இழுப்பு கூடுகிறது. அதனால் ஜூலைக்குள் திட்டத்தில் கையெழுத்து வாங்குங்கள். காலாவதித் திகதி பார்த்து, பெயர் ஒட்டி, ஒரு புதுப் பம்பும் ஸ்பேசரும் வகுப்பாசிரியர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.