பைக்கே ஓட்டியதில்லை, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் வழிகாட்டியுடன் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்ட முடியுமா?

தாராளமாக ஓட்டலாம். சொல்லப்போனால் பைக் பழகியவர்களுக்குத்தான் ஆரம்பத்தில் தகராறு. பழக்க தோஷத்தில் கைப்பிடியை முறுக்குவார்கள், ஒன்றும் நடக்காது. இதில் கியர், கிளட்ச் கிடையாது. வலது கட்டைவிரலால் அழுத்தும் சின்ன நெம்புகோல்தான் ஆக்சிலரேட்டர். விரலை எடுத்தால் வேகம் தானாகக் குறையும். பயத்தில் கைப்பிடியை இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி பாயும். அது ஒன்றில்தான் கவனம் வேண்டும்.

கார் லைசென்ஸ் கட்டாயம். இல்லையென்றால் பின்சீட்தான்.

கனத்த மேலுடை, பூட்ஸ், ஹெல்மெட்டை அங்கேயே தருவார்கள். உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளி போடுங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி லேசில் காயாது. கைப்பிடியில் சூடு வரும், விரல் பிழைத்துக்கொள்ளும். ஹெல்மெட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை தோல் தெரிந்தால் போதும், காற்று அங்கேதான் கடிக்கும்.

வழிகாட்டியிடம் துப்பாக்கி இருக்கும், பனிக்கரடிக்காக. அவர் போட்ட தடத்தை விட்டு விலகாதீர்கள். பனியாற்றின் மேல் போகும்போது சமதளமாகத் தெரியும் பனிக்கு அடியில் ஆழமான வெடிப்பு இருக்கலாம்.

ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்கியர்பியன் இருப்பது வட அட்சரேகை 78 டிகிரியில். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை பகலிலும் இருட்டுதான். என்னைக் கேட்டால் மார்ச்சில் போங்கள். குளிரும் குறையாது, வெளிச்சமும் இருக்கும்.