சூடான பெற்றோல் ஜீப்பை மறுபடி ஸ்டார்ட் செய்ததும் ஏன் நடுங்குகிறது?

மணற்காட்டு மணலில் ஓடிவிட்டு, இருபது நிமிடம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் நடுங்குகிறது, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிறது என்கிறீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இந்த நடுக்கம் இல்லையென்றால், பிளக், கொயில் என்று உடனே காசைக் கொட்டாதீர்கள்.

எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டமும் கூலன்ட் சுழற்சியும் நின்றுவிடும். பொனற்றுக்குள் சூடு குறையாது, முதலில் கூடும். இன்ஜெக்டருக்கு (எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சும் பகுதி) போகும் குழாயில் தேங்கிய பெற்றோல் ஆவியாகிக் குமிழி கட்டும். குமிழி போகும்வரை பெற்றோல் சரியாக வராமல் எஞ்சின் நடுங்கும். மணலில் மெதுவாக, அதிக இழுவையில் ஓடிய வண்டிக்கு இது இன்னும் மோசம்.

அடுத்த முறை, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஓன் நிலைக்குத் திருப்பி மூன்று விநாடி வைத்து, ஓஃப் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் பெற்றோல் பம்ப் கொஞ்சம் ஓடி, குழாயில் அழுத்தத்தை ஏற்றும். இப்படி மூன்று தடவை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். நடுக்கம் குறைந்தால் பெற்றோல் அழுத்தம்தான் விஷயம். பம்ப்பின் செக் வால்வு (பெற்றோல் திரும்பி இறங்காமல் தடுப்பது) பழுதாகியிருக்கலாம். கராஜில் அழுத்தமானி பூட்டி, எஞ்சினை நிறுத்தியபின் அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கம் கூடி, பெற்றோல் மணமும் கரும்புகையும் வந்தால் நான் ஒழுகும் இன்ஜெக்டரைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

அதுவரை, வண்டியை நிறுத்தியதும் பொனற்றைத் தூக்கி விடுங்கள். சூடு ஆறும்வரை றேடியேற்றர் மூடியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.