இங்கிலாந்தில் வாங்கும் வீட்டுக்காகப் பக்கத்துத் தேவாலயத்தின் பழுதுபார்ப்புச் செலவை நாம் கட்ட வேண்டி வருமா?

கேள்வி கேட்டவர் வார்விக்‌ஷயரில் ஒரு கிராமத்தில் வீடு பார்த்து வைத்திருக்கிறார். வீடு வாங்கும் வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டர் அனுப்பிய அறிக்கையில் "சான்சல் பழுதுபார்ப்புப் பொறுப்பு இருக்க வாய்ப்புண்டு" என்று ஒரு வரி இருக்கிறது. வீட்டை விற்பவர் 1990களிலிருந்து அங்கேயே குடியிருப்பவர். "நாங்கள் சைவர்கள், அந்தத் தேவாலயத்தின் படியைக்கூட மிதித்ததில்லை, இது எப்படி எங்களைச் சேரும்?" என்பது வாங்க நினைக்கும் அவரது கேள்வி.

சேரலாம். உங்கள் மதம் என்ன, நாடு எது என்பதை இந்தச் சட்டம் பார்ப்பதே இல்லை. பொறுப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டு வருவது. ஊரில் நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் பார்ப்போமே, அதில் வரவேண்டிய விஷயம் பல நூற்றாண்டுகளாக எந்தப் பதிவிலும் ஏறாமலேயே செல்லுபடியாகிவந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. ஆனாலும் வீட்டையே கைவிடும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். நார்த்தாம்டன்ஷயரில் நாங்கள் வீடு வாங்கியபோது எங்கள் அறிக்கையிலும் இதே வரி வந்தது. அப்போது தேடிப் படித்ததையும் சொலிசிட்டரிடம் துருவித் துருவிக் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் சபையார் அமரும் கூடத்துக்குக் கிழக்கே திருப்பீடம் உள்ள பகுதிக்குச் சான்சல் என்று பெயர். கூடத்தைச் சபையார் பராமரிக்க வேண்டும், சான்சலை ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பிலிருந்த ரெக்டர் பராமரிக்க வேண்டும் என்பது இடைக்கால வழக்கம். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. ஊரில் விளைந்த தானியத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக வாங்கியவர் அந்த ரெக்டர்தான். வரவு யாருக்கோ செலவும் அவருக்கே.

பல ஊர்களில் மடங்களே ரெக்டராக இருந்தன. 1536க்கும் 1540க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மன்னர் அந்த மடங்களைக் கலைத்தார். அவற்றின் நிலங்களும் தசமபாக உரிமைகளும் பிரபுக்களின் கைக்கும் பணம் படைத்தவர்களின் கைக்கும் போயின. குருப்பட்டம் பெறாத சாதாரண மனிதர்கள் "லே ரெக்டர்" ஆனார்கள். சான்சலின் கூரையும் அவர்கள் பொறுப்பில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் சிலவும் இன்றுவரை இப்படிப்பட்ட ரெக்டர்களே. பிறகு 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொது நிலங்களை வேலியிட்டுப் பிரித்தபோது, பல இடங்களில் தசமபாகத்துக்கு ஈடாக ரெக்டருக்கு நிலத்தையே அளந்து கொடுத்தார்கள். தசமபாகம் மறைந்துபோனது, பொறுப்பு மட்டும் அந்த நிலத்தில் தங்கிவிட்டது. அந்த வயலைத் துண்டு போட்டு வீடு கட்டி விற்றிருந்தாலும் கணக்கு தீராது. இத்தகைய நிலத்தில் ஒரு துண்டு வைத்திருப்பவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். மற்றவர்களின் பங்கை அவர்தான் தேடிப் போய் வசூலிக்க வேண்டும். 1836, 1936ஆம் ஆண்டுகளின் தசமபாகச் சட்டங்கள் வழியாக வந்த நிலங்களில் மட்டும் அவரவர் பங்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ஆவணங்கள் உண்டு. அவை லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வீடு வாங்கும் அதே வார்விக்‌ஷயரில்தான் ஆஸ்டன் கான்ட்லோ என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு தம்பதிக்குப் பெற்றோர் வழியில் ஒரு பண்ணை வந்தது. அதிலிருந்த ஒரு வயல், 1743இல் நிலம் பிரிக்கப்பட்டபோது தசமபாகத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது. 1994இல் ஊர்த் தேவாலயத்தின் சேகரக் கமிட்டி, அதாவது அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின் (சேகரத்தின்) நிர்வாகக் குழு, சான்சலைப் பழுதுபார்க்க 95,000 பவுண்டுக்கு மேல் கேட்டு அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவர்கள் மறுத்து நீதிமன்றம் போனார்கள். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது காரணமின்றிச் சிலர் மேல் மட்டும் விழும் வரி, மனித உரிமைக்கு எதிரானது என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2003இல், அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றியது: சேகரக் கமிட்டி அரசு அமைப்பு அல்ல, இது நிலத்தோடு வந்த தனியார் கடமை, மனித உரிமைச் சட்டம் இங்கே பொருந்தாது என்றது. வழக்கு இழுத்த ஆண்டுகளில் கட்டடமும் பழுதாகிக்கொண்டே போனது. 2007இல் நீதிமன்றம் நிர்ணயித்த தொகை ஏறக்குறைய 1.87 லட்சம் பவுண்டு. வாட் வரி தனி. வழக்குச் செலவும் சேர்ந்தபோது மொத்தச் சுமை ஐந்து லட்சம் பவுண்டைத் தொட்டதாகச் செய்திகள் வந்தன. கடைசியில் அந்தப் பண்ணையையே விற்றார்கள்.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தசமபாகத்தை வாங்கித் தின்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அதில் ஒரு மணி நெல்லின் அளவுகூடப் பார்க்காத ஒருவர், அந்த நேரத்தில் நிலம் தன் பெயரில் இருந்த ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் இழக்கலாம் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? இந்தப் பொறுப்பை ஒழித்துவிடலாம் என்று இங்கிலாந்தின் சட்ட ஆணையமே 1985இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

ஆனால் 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டம் பெரிய மாற்றம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2013 அக்டோபர் 13 முதல், இந்தப் பொறுப்பு நிலப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு விலை கொடுத்து வாங்குபவர், பதிவேட்டில் அப்படி ஒரு குறிப்பு இல்லையென்றால், பொறுப்பில்லாமல் நிலத்தைப் பெறுகிறார். இதில் "விலை கொடுத்து" என்பது முக்கியம். அப்பாவிடமிருந்து தானமாகவோ உயில் மூலமாகவோ வந்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2013க்கு முன்பே வாங்கி இன்னும் விற்காமல் இருப்பவருக்கும் கிடையாது. அவருடைய பதிவேட்டில் சேகரக் கமிட்டி இன்றைக்குப் போய்க்கூடக் குறிப்பை ஏற்றலாம்.

அந்தக் கமிட்டியில் இருப்பவர்களை வில்லன்களாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், சேகரக் கமிட்டியில் பல காலம் சேவை செய்தவர். 2013 நெருங்கியபோது அவர்கள் பட்ட பாட்டை அவரே சொன்னார். கமிட்டி உறுப்பினர்கள் சட்டப்படி அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள். வசூலிக்க உரிமையுள்ள பணத்தைக் கேட்காமல் விட்டால், அந்த நஷ்டத்துக்கு அவர்கள் சொந்தப் பணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டி வரலாம். பதிவு செய்தாலோ தினமும் முகம் பார்க்கும் அண்டை வீட்டாரின் சொத்து மதிப்பைக் கெடுத்தவர்கள் ஆவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேநீர் போட்டுக் கொடுக்கும் தன்னார்வலர்களை இப்படி ஒரு இக்கட்டில் நிறுத்தியது சட்டத்தின் குற்றம். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்கள் அந்த நாட்டின் சொத்து. அவற்றைக் காப்பாற்றும் செலவும் பொதுவில் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்த வரியைத் தந்த தேடல், உங்கள் வீடு இப்படிப் பொறுப்பு இருக்கக்கூடிய ஒரு சேகரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. உங்கள் மனைக்கே பொறுப்பு உண்டா என்பதை அது சொல்லாது. அதை அறியப் பழைய நிலப் பிரிவினை ஆவணங்களைப் புரட்ட வேண்டும், செலவும் நாளும் பிடிக்கும். முதலில் பதிவேட்டின் நகலைச் சொலிசிட்டரிடம் வாங்கிப் பாருங்கள். சான்சல் பற்றிய குறிப்பு ஏற்கெனவே இருந்தால் நிலைமையே வேறு; தொகை எவ்வளவு வரலாம் என்று தெரியாமல் கையெழுத்திடாதீர்கள், விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள், இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள்.

குறிப்பு இல்லையென்றால், ஒருமுறை மட்டும் பிரீமியம் கட்டும் காப்பீடு கிடைக்கும். சாதாரண வீட்டுக்குச் சில பத்து பவுண்டுதான் ஆகும். நாங்களும் அதைத்தான் எடுத்தோம். பாலிசி உங்களுக்குப் பின் வாங்குபவருக்கும் கடன் தரும் வங்கிக்கும் பொருந்துகிறதா, எவ்வளவு தொகை வரை தாங்கும் என்று பாருங்கள். நல்லெண்ணத்தில் குருவானவருக்கோ கமிட்டிக்கோ கடிதம் எழுதி விசாரித்துவிடாதீர்கள். தேவாலயத்தைத் தொடர்புகொண்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பாலிசி தருவதில்லை. எடுத்த பாலிசியும் செல்லாமல் போகலாம். விற்பவரிடமும் எழுத வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

2013க்குப் பிறகு இதெல்லாம் எதற்கு என்று சிலர் சொல்வார்கள். வீடு அந்தத் தேதிக்குப் பின் ஒருமுறை விலைக்குக் கைமாறியிருந்தால் அவர்கள் சொல்வதில் பெருமளவு உண்மை உண்டு. அப்போதும், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் இந்தப் பொறுப்பை முழுதாகக் கட்டுப்படுத்துகிறதா என்று ஐயம் எழுப்பும் சட்ட அறிஞர்கள் இருப்பதால், சொலிசிட்டர்கள் தேடலைக் கைவிடவில்லை. உங்கள் விஷயத்தில் விற்பவர் 1990களிலிருந்து அந்த வீட்டை வைத்திருக்கிறார். எனவே உங்கள் பெயரில் பதிவாகும் நாள்வரை குறிப்பு ஏற வழி திறந்தே இருக்கிறது. ஒப்பந்தம் பரிமாறிக்கொள்வதற்கு முன்பே காப்பீட்டை எடுத்துவிடுங்கள். அதன் செலவை விற்பவர் ஏற்க வேண்டும் என்று கேட்பதும் இங்கே வழக்கம்தான், தயங்காமல் கேளுங்கள்.