பலூனில் புள்ளியும் பெரிதாகிறதே?

பேனாவால் புள்ளி வைப்பதை விட்டுவிட்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். பிரபஞ்சம் விரிவதை விளக்க, துறைக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் புள்ளி வைத்த பலூனை ஊதிக் காட்டியபோது, புள்ளியும் பெரிதானதைப் பார்த்து "அப்போ நம்ம விண்மீன் திரளும் விரியுதா?" என்று ஒரு மாணவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி! குழப்பியது மைதான்; ரப்பரோடு சேர்ந்து அதுவும் இழுபடுகிறது. பொட்டு இழுபடாது. ஈர்ப்பு விசையும் திரளை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறது.

முந்தைய நாளே ஒருமுறை சோதியுங்கள். பாதி ஊதிய பலூனில், ஒரு பொட்டிலிருந்து 2 செ.மீ., 4 செ.மீ. தள்ளி இரண்டு பொட்டுகள். விட்டம் இருமடங்கானால் அவை 4, 8 ஆகும். தொலைவில் இருந்ததுதான் அதிகம் விலகியிருக்கும். வானியலாளர் ஹபிள் விண்மீன் திரள்களில் 1929-இல் காட்டியது இதையே. நூலால் அளந்து பாருங்கள், ஸ்கேல் வளைவில் படியாது.

"மையம் எங்கே சார்?" என்று கட்டாயம் கேட்பார்கள். ரப்பர்ப் பரப்பு மட்டுமே பிரபஞ்சம், உள்ளே இருக்கும் காற்று கணக்கில் இல்லை, பரப்பில் மையம் என்று எதுவும் கிடையாது என்று ஊதும் முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்து விண்மீன் திரளான ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருவதை மட்டும் இந்தப் பலூனால் காட்ட முடியாது.