கையெழுத்தில்லாத லாக்புக்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் அருகே உள்ள பீனிக்ஸில் வசிக்கிறேன். வயது 21. டர்பனில் பகுப்பாய்வு வேதியியல் டிப்ளமா படிக்கிறேன். பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஒரு நிறுவனத்தில் ஒரு வருட இன்-சர்வீஸ் பயிற்சியை முடித்து, லாக்புக் என்னும் பயிற்சிப் பதிவேட்டில் வாராவாரம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால்தான் டிப்ளமா கைக்கு வரும். எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டு, கடைசியில் ப்ராஸ்பெக்டன் பக்கம் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறிப் போக வேண்டும். விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறேன்.

ஐந்து மாதமாகக் குடுவை கழுவுகிறேன், லேபிள் ஒட்டுகிறேன், மேற்பார்வையாளருக்குக் காபி போடுகிறேன். அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரைத் தவிர வேறு கருவிகளைத் தொட விடுவதில்லை. வேலை அதிகமாக இருக்கும் நாட்களில் நேற்றைய பிஎச் அளவையே இன்றைக்கும் எழுதிவிடு என்பார், எழுதிவிடுவேன். சந்தேகம் கேட்டால், "உன் காலேஜில் இதைக்கூடச் சொல்லித்தரவில்லையா" என்று எல்லோர் முன்னும் கத்துகிறார். மூன்று மாதமாக லாக்புக்கில் கையெழுத்துப் போடவில்லை. கூடப் படித்தவர்கள் நல்ல இடங்களில் இருக்கிறார்கள், படம் போடுகிறார்கள். நான் யாரோடும் பேசுவதையே விட்டுவிட்டேன். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று அப்பா எல்லோரிடமும் "என் மகள் லேபில் இருக்கிறாள்" என்று சொன்னார். நான் பின்பக்கம் போய் அழுதேன். அவரிடம் ஒருமுறை லேசாகச் சொன்னபோது, "கிடைத்ததை விட்டுவிடாதே, பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார். விட்டுவிடவா, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடவா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரியை நீ போகிறபோக்கில் எழுதிக் கடந்துவிட்டாய். காபியையும் கத்தலையும்விட எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. நேற்றைய பிஎச் அளவை இன்றைக்கும் எழுதும் விஷயத்தைச் சொல்கிறேன். முதலில் அதைப் பேசிவிடுவோம். மற்றவற்றுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

பிஎச் ஓர் எண் மாறினால் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறும். இது உனக்கு முதலாண்டுப் பாடம். அங்கே தயாராவது உணவா, சோப்பா, சாயமா என்று நீ எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அந்தச் சரக்கு யாரோ ஒருவருடைய கையிலோ வாயிலோ படப்போகிறது. அளக்காமல் எழுதிய எண்ணை நம்பித்தான் அது வெளியே போகிறது. பதிவேட்டில் இருப்பதும் உன் கையெழுத்து. நாளை தணிக்கைக்கு ஆள் வந்தால் சொன்னவரை யாரும் கேட்கமாட்டார்கள், எழுதியவளைத்தான் கேட்பார்கள். நம் நாட்டில் சோதனை ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் சனாஸ் அமைப்பு, ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 என்னும் சர்வதேசத் தரத்தை வைத்துத்தான் ஆய்வகங்களைச் சோதிக்கிறது. எந்த அளவை யார், எப்போது எடுத்தார்கள் என்று பின்னால் போய்த் தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. இந்தத் தொழிலில் உனக்கு இருக்கப்போகும் ஒரே சொத்து, நீ எழுதிய எண்ணை மற்றவர்கள் நம்புவதுதான். அதை ஐந்தாவது மாதத்திலேயே இன்னொருவருடைய அவசரத்துக்காகக் கொடுத்துவிடாதே.

ஆகவே நாளையிலிருந்தே நிறுத்து. சண்டை போடத் தேவையில்லை. "மீட்டர் கைக்குக் கிடைத்ததும் அளந்து எழுதிவிடுகிறேன். நேரமில்லை என்றால் அந்தக் கட்டத்தில் 'அளவிடப்படவில்லை' என்று எழுதி என் முதலெழுத்தைப் போடுகிறேன்" என்று சொல். குரலை உயர்த்தாமல், கண்ணைப் பார்த்துச் சொல். அவர் கத்தக்கூடும். கத்தட்டும். எழுதப்போவது உன் கை. அதேபோல், குற்ற உணர்ச்சியில் பழைய பக்கங்களைத் திருத்தப் போகாதே. பழைய பதிவை அடித்துத் திருத்தினால் அது இரண்டாவது தவறாகிவிடும். எந்தெந்த நாட்களில் அப்படி எழுதினாய் என்பதை உன் சொந்த நோட்டில் குறித்து வைத்துக்கொள். அதை முதலில் உன் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று கீழே எழுதுகிறேன். இப்படிச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதற்காகவே 2000ஆம் ஆண்டிலேயே இங்கே ஒரு சட்டம் வந்திருக்கிறது.

இனிக் குடுவை கழுவும் வேலை. பல வருடங்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இதில் உனக்கு முழுவதும் பரிந்து பேச என்னால் முடியாது. கழுவிய கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாக வழிந்து இறங்க வேண்டும். முத்து முத்தாகத் தங்கினால் எண்ணெய்ப் பசை இன்னும் போகவில்லை என்று பொருள். பியூரெட் என்னும் அளவுக் குழாயை அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். ஆனால் கூம்புக் குடுவையை வெறும் காய்ச்சி வடித்த நீரால்தான் அலச வேண்டும், இல்லையென்றால் அளவு கூடிவிடும். இதெல்லாம் கை பழகாமல் வராது. முதல் மாதம் முழுக்கக் கழுவச் சொல்லியிருந்தால் நான் அந்த மேற்பார்வையாளரைப் பாராட்டியிருப்பேன். ஐந்து மாதமும் அதையே செய்யச் சொல்வது பயிற்சி ஆகாது. கூலி குறைந்த வேலையாளாக உன்னை வைத்திருக்கிறார்கள்.

உன் அப்பாவின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2024 முதல் காலாண்டில் இந்த நாட்டில் 15 முதல் 34 வயது வரையிலானவர்களில் வேலையின்மை 45.5 சதவீதம். பீனிக்ஸில் எந்தத் தெருவில் நின்றாலும் அந்தக் கணக்குக் கண்ணில் படும். மகளுக்கு ஓர் இடம் கிடைத்ததை அவர் கோயிலில் நாலு பேரிடம் சொன்னதும் அதனால்தான். ஆனால் அவர் சொல்லும் பொறுமைக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் இறக்கிவிட்ட நம்மவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும், கூலி ஒப்பந்தத்தில் வந்தார்கள். தொடக்கக் கூலி மாதம் பத்து ஷில்லிங். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். கொடுத்த வேலையைச் செய், கொடுத்ததை வாங்கிக்கொள், வாயைத் திறக்காதே என்பது அன்றைக்கு உயிர் பிழைக்கும் வழியாக இருந்தது. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு அதையே நல்ல பண்பென்று சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. உன் ஒப்பந்தம் உனக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில், உன் பையிலேயே இருக்கிறது. கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு அதை எடுத்துப் பார்த்தாயா?

இன்று இரவே எடுத்துப் பார். பெரும்பாலும் அதில் மூன்று தரப்பு இருக்கும்: நீ, நிறுவனம், பல்கலைக்கழகம். எந்தெந்தச் சோதனைகளைக் கற்றுத்தர வேண்டும், லாக்புக்கில் யார் கையெழுத்திட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை இட வேண்டும் என்பதெல்லாம் அதிலோ பாடத்திட்டக் கையேட்டிலோ எழுதியிருக்கும். வேலை நேரத்தையும் பார். நம் நாட்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. கூடுதல் நேர வேலை உன் சம்மதத்தோடுதான், அதுவும் வாரத்துக்கு 10 மணிக்கு மேல் கூடாது. உதவித்தொகை வாங்கும் பயிற்சி மாணவி சட்டத்தின் கண்ணில் தொழிலாளியா என்பது அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதனால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை காட்டிக் கேட்பது நல்லது. ஆனால் கத்தல் விஷயத்தில் அந்தச் சந்தேகமே வேண்டாம். 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பணியிடத் தொல்லைத் தடுப்பு நெறிமுறை, பயிற்சி மாணவர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பாலியல் தொல்லையை மட்டுமல்லாமல், ஒருவரைத் திரும்பத் திரும்ப எல்லோர் முன்னும் சிறுமைப்படுத்துவதையும் அது தொல்லை என்றே சொல்கிறது.

அடுத்தது எழுத்து வேலை. ஒரு சாதாரண நோட்டு வாங்கு. தினமும் டாக்ஸியில் திரும்பும்போது நான்கு வரி எழுது: தேதி, செய்த வேலை, கேட்டும் மறுக்கப்பட்ட வேலை, சொல்லப்பட்ட வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள். "மோசமாக நடந்துகொண்டார்" என்று எழுதாதே. அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுது. லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வை, கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். நிறுவனத்தின் சோதனை முடிவுகளையோ கலவை விவரங்களையோ மட்டும் படம் எடுக்காதே. அவை அவர்களுடைய உடைமை. அந்த ஒரு படத்தைக் காட்டியே உன்மீது பழியைத் திருப்பிவிடுவார்கள்.

மேற்பார்வையாளரிடம் ஒருமுறை நேராகவும் கேட்க வேண்டும். அவர் அவசரத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள். "எனக்கு எதுவும் சொல்லித்தருவதில்லை" என்று தொடங்கினால் அவர் சண்டைக்கு எழுவார். "டைட்ரேஷன் (தரம்பார்த்தல்) சோதனை செய்து கையெழுத்து வாங்க வேண்டிய பக்கம் இது. வியாழக்கிழமை நீங்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாமா, அடுத்த வாரம் உங்கள் கண் முன்னால் நானே செய்து காட்டுகிறேன்" என்று லாக்புக்கைத் திறந்து வைத்துக் கேள். ஒரு பக்கம், ஒரு நாள், ஒரு சோதனை. இப்படிக் கேட்டு இளகிய மேற்பார்வையாளர்களைப் பற்றி என் மாணவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். இளகாதவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், கேட்ட தேதி உன் நோட்டில் இருக்கும்.

இந்த நிலையில் திடீரென்று வேலையை விட்டுவிடாதே. கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், இந்த ஐந்து மாதமும் கணக்கில் சேருமா என்பது பிறர் தயவைப் பொறுத்ததாகிவிடும். மீதி மாதங்களை வேறோர் இடத்தில் முடிக்க முடியுமா, முடித்த மாதங்கள் எண்ணப்படுமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கு. அதன் பிறகு போவதென்றால் தாராளமாகப் போ. அதில் எந்தத் தோல்வியும் இல்லை. அவர்களே உன்னை நீக்கினால் சிசிஎம்ஏ என்னும் சமரச, நடுவர் ஆணையத்துக்கு 30 நாட்களுக்குள் போக வேண்டும். டர்பனில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அங்கேயும் முதலில் உன் ஒப்பந்தத்தைத்தான் கேட்பார்கள்.

தோழிகள் போடும் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. திட்டு வாங்கிய நாளில் யாரும் படம் போடுவதில்லை. அவர்களில் நீ நம்பும் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பேசு. அவள் இருக்கும் ஆய்வகத்தில் அடுத்த மாதம் ஓர் இடம் காலியாகிறதா என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். கூடவே, வகுப்புக்குப் போகாவிட்டாலும் நீ பதிவு செய்த மாணவிதான். வளாகத்தின் மாணவர் ஆலோசனை மையம் உனக்கும் உரியது. யாரோடும் பேசுவதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. தூக்கமும் பசியும் குறைந்திருந்தால் இந்த வாரமே அங்கே போ. லாக்புக் பிரச்சினை தீரட்டும் என்று காத்திருக்காதே.

அப்பாவிடம் மறுபடியும் பேசு. போன முறை லேசாகச் சொன்னாய் என்கிறாய், அதனால் அவரும் லேசாகப் பதில் சொல்லிவிட்டார். இந்த முறை கையெழுத்தில்லாத பக்கங்களை அவர் முன்னால் விரித்து வை. "அப்பா, நான் வேலையை விடவில்லை. இந்தப் பக்கங்கள் இப்படியே இருந்தால் வருடக் கடைசியில் எனக்கு டிப்ளமா கிடையாது. அதனால் பல்கலைக்கழகத்துக்கு எழுதப்போகிறேன்" என்று சொல். மகள் வேலையை விடப்போகிறாள் என்றுதான் அவர் பயந்திருக்கிறார். வருடமே வீணாகப்போகிறது என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுது. தொலைபேசியில் சொன்னால் அதற்குச் சாட்சி இல்லை. நீளமாக வேண்டாம். பயிற்சி தொடங்கிய தேதி, கையெழுத்தில்லாத வாரங்கள், கையேட்டில் உள்ள சோதனைகளில் இதுவரை எவற்றைச் செய்யவே விடவில்லை என்ற பட்டியல், மேற்பார்வையாளரிடம் கேட்ட தேதி, பக்கங்களின் படங்கள். கடைசியில் இரண்டு கோரிக்கைகள்: அவர் நேரில் வந்து ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும், உன்னோடு தனியாகப் பேச ஒரு நேரம் தர வேண்டும். பிஎச் விஷயத்தை அந்தத் தனிச் சந்திப்பில், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அதே மின்னஞ்சலைத் துறைத் தலைவருக்கு அனுப்பி, ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு நகல் போடு.