புழுவின் முதுகில் இருப்பது முட்டையா?

கேள்வி: செடியில் இருந்த ஒரு பச்சைப் புழுவின் முதுகெல்லாம் அரிசி ஒட்டினாற்போல வெள்ளையாக இருந்தது. குளவி வைத்த முட்டை என்றார்கள். உயிரோடு இருக்கிற புழுவில் குளவி எப்படி முட்டை வைக்கும், புழு சும்மா விடுமா? அதை நசுக்கிவிடலாமா?

பதில்: நசுக்காதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்தது முட்டை இல்லை, கூடு. முட்டை வைத்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருக்கும், அதுவும் புழுவின் மேலே இல்லை, உடம்புக்கு உள்ளே.

இந்த வேலையைச் செய்வது கொட்டேசியா போன்ற ஒட்டுண்ணிக் குளவிகள். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், நம்மைக் கொட்டாது. புழு கடித்த இலையிலிருந்து கிளம்பும் வாசனையைப் பிடித்துக்கொண்டே செடிக்கு வந்துவிடும். புழு சும்மா விடுவதில்லை, தலையைத் திருப்பிக் கடிக்கப் பார்க்கும், உடம்பை உதறும், ஆனால் குளவிக்குச் சில விநாடி போதும், அதற்குள் தன் முட்டையிடும் குழலை இறக்கி ஒரே குத்தில் பல முட்டைகளை உள்ளே விட்டுவிடும்.

அந்தக் குழலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரே ஊசியாகத் தெரிந்தாலும் அது மூன்று துண்டு, மேலே ஒன்று, கீழே இரண்டு. கீழ்த்துண்டுகள் மேல்துண்டின் தடத்தில் மாட்டிக்கொண்டு மாறி மாறி வழுக்கி நகரும், ஒன்று பிடித்துக்கொள்ள மற்றது முன்னேறும், அதனால் முழு பலத்தோடு அழுத்தாமலே துளைக்க முடிகிறது. முட்டை அந்தக் குறுகலான துவாரத்தில் நசுங்கி நீண்டு வழுக்கி வந்து, உள்ளே விழுந்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பல இனங்களில் குழலின் முனையிலேயே சுவை அறியும் உணர்விகள் உண்டு, வேறொரு குளவி ஏற்கெனவே முட்டை வைத்துவிட்டதா என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளும். தேனீயின் கொடுக்கும் இதே உறுப்பு மாறி வந்ததுதான், ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லாததற்குக் காரணம் அதுவே.

சரி, உள்ளே போன முட்டை எப்படிப் பிழைக்கிறது? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இது. வெளியிலிருந்து எது வந்தாலும் புழுவின் ரத்த அணுக்கள் அதைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டி மூச்சுத் திணற வைத்துவிடும். குளவி முட்டையோடு சேர்த்து ஒருவகை வைரஸ் துகள்களையும் செலுத்துகிறது, அவை அந்த அணுக்களை முடக்கிவிடுகின்றன. இந்த வைரஸின் மரபணு குளவியின் சொந்த மரபணுவிலேயே சேர்ந்திருக்கிறது, ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே குடியேறிய வைரஸ், குளவியின் சூலகத்தில் மட்டும்தான் பெருகும், புழுவுக்குள் பெருகாது. அப்புறம் குஞ்சுகள் புழுவின் ரத்தத்தைக் குடித்து வளரும், கடைசியில் தோலைத் துளைத்து வெளியே வந்து பட்டு நூற்றுக் கூடு கட்டும். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

கேள்வி: எல்லா ஒட்டுண்ணிக் குளவிகளும் இப்படித்தானா?

பதில்: இல்லை. மெகாரைசா என்ற குளவிக்குத் தன் உடலைவிட நீளமான குழல், அதை மரத்துக்குள் இறக்கி, உள்ளே ஒளிந்திருக்கும் புழுவின் மேல் முட்டை வைக்கும். மரம் துளைக்கிற பல குளவிகளின் குழல் முனையில் துத்தநாகமோ மாங்கனீசோ சேர்ந்து அதைக் கெட்டியாக்கியிருக்கிறது. மரகதக் குளவி கரப்பான்பூச்சியின் மார்பில் ஒரு தரம், பிறகு மூளையிலேயே ஒரு தரம் கொட்டும், அதோடு தானாக ஓடும் எண்ணமே அதற்குப் போய்விடும், உணர்கொம்பைப் பிடித்து வளைக்கு நடத்திக்கொண்டு போய்க் காலில் ஒரு முட்டை ஒட்டிவிடும்.

டிரைக்கோகிரம்மா என்ற குளவி அரை மில்லிமீட்டர்தான். அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும், வைப்பதற்கு முன் அந்த முட்டையின் மேல் நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டி அளவு பார்த்து, எத்தனை வைக்கலாம் என்று முடிவு செய்யும். புழு பொரிந்து இலையைத் தொடும் முன்பே கதை முடிந்துவிடுவதால், இதைப் பண்ணைகளில் வளர்த்து, இது முட்டை வைத்த அந்துப்பூச்சி முட்டைகளைக் காகித அட்டையில் ஒட்டி வயலில் கட்டுகிறார்கள். அட்டை கட்டிய வயலில் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான்.

உங்கள் செடியில் இருக்கும் புழு இனி இலை தின்னாது, சில நாளில் செத்துவிடும். கூட்டைத் தொடாமல் விடுங்கள், வெளியே வரும் குளவிகள் அடுத்த புழுவைத் தேடிப் போகும்.