ஆறு மணிச் சாப்பாடு

அன்புள்ள அக்கா,

எனக்குப் பதினேழு வயது. ஊர் ஈரோடு பக்கம். ரோட்டரி மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடத்துக்கு ஜெர்மனி வந்திருக்கிறேன். வடக்கே நீடர்சாக்சன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஆகஸ்டில் வந்தேன். ஹோஸ்ட் அம்மா, ஹோஸ்ட் அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய மகளும் இதே திட்டத்தில் அர்ஜென்டினா போயிருக்கிறாள். அவள் அறையில்தான் நான் இருக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது இந்த வீட்டில் ஒட்டவே முடியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே ரொட்டி, சீஸ் என்று ஆறிப்போன சாப்பாடு. "வேண்டாம்" என்றால் சரி என்று விட்டுவிடுகிறார்கள், இன்னொரு முறை கேட்பதில்லை. அந்த நேரத்தில்தான் அம்மாவும் வீடியோ காலில் வருவார். நானும் அறைக்குப் போய்விடுவேன். போன வாரம் ஹோஸ்ட் அம்மா, "நீ இந்த வீட்டை ஹோட்டல் மாதிரி வைத்திருக்கிறாய், எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று நேராகவே சொல்லிவிட்டார். அன்று இரவு முழுக்க அழுதேன். நம் ஊரில் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா?

ஜனவரியில் எப்படியும் அடுத்த குடும்பத்துக்கு மாற்றுவார்கள். இப்போதே மாற்றிவிடச் சொல்லிக் கேட்கட்டுமா? உங்கள் வீட்டில் ஒரு பிரேசில் மாணவி தங்கியிருந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இவர்களுக்கு ஒருநாள் நம் சாப்பாடு செய்து தரவும் ஆசை. என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள கண்ணு,

இப்போது மாற்றச் சொல்லிக் கேட்காதே. காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

நீ எழுதியதில் ஒரு விஷயத்தை இரண்டு மூன்று முறை திரும்பிப் படித்தேன். முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது, அதன் பிறகுதான் கெட்டுப்போனது என்கிறாய். ஜெர்மனியில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதுவரை உனக்கும் ஈரோட்டுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், இப்போது நாலரை. உன் அம்மா அடுப்படி வேலையெல்லாம் முடித்து, படுக்கப்போகும் முன் இரவு 10.30 மணிக்குக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள். செப்டம்பரில் அப்போது உனக்கு மணி 7. சாப்பிட்டு முடித்திருப்பாய். இப்போது அதே அழைப்பு சரியாக 6 மணிக்கு வருகிறது. அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காருகிற நேரம். அந்த அம்மாவுக்குத் தெரிவதெல்லாம், நேற்றுவரை மேசையில் இருந்த பெண் இன்று போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்பதுதான்.

அந்த ஆறு மணிச் சாப்பாட்டை நீ குறைவாக எடை போட்டுவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மனியில் பல குடும்பங்களில் சூடான சாப்பாடு மதியத்தோடு சரி. மாலையில் 'ஆபென்ட்ப்ரோட்' என்று ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய், தக்காளி என்று மேசையில் பரப்பி வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள். அடுப்பு வேலை இல்லாததால் யாரும் எழுந்து எழுந்து பரிமாற வேண்டியதில்லை. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச அந்த அரைமணி நேரம்தான் கிடைக்கும். பள்ளியில் என்ன நடந்தது, சனிக்கிழமை எங்கே போகலாம், யாருக்கு உடம்பு சரியில்லை என்ற பேச்செல்லாம் அங்கேதான். பசிக்காவிட்டால் பரவாயில்லை, ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரு. உன் ஜெர்மன் மொழி வளரப்போவதும் அங்கேதான். அவர்களுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்றாலும் மேசையில் ஜெர்மனில் மட்டும் பேசச் சொல்லிக் கேள்.

மறுபடி கேட்பதில்லை என்கிறாய். எங்கள் வீட்டுக்கு வந்த பிரேசில் பெண்ணுக்கு இதே சிக்கல் தலைகீழாக இருந்தது. நம் வீடுகளில் "போதும்" என்பது பேச்சின் தொடக்கம். இன்னொன்று வைத்துக்கொள், ஒன்றே ஒன்று என்று தட்டில் போடுவோம். அவள் அதைக் கட்டளை என்று நினைத்து மூச்சுமுட்ட ஐந்தாவது தோசையைச் சாப்பிட்டாள். அங்கே நீ வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை அப்படியே நம்புகிறார்கள். வற்புறுத்துவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். இனி இரண்டாவது முறை கேட்பார்கள் என்று காத்திருக்காதே. பசித்தால் "எனக்கு வேண்டும்" என்று சொல். ராத்திரி பசித்தால் ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டு வைத்துக்கொள். அநேகமாக, இதையா கேட்கிறாய் என்று ஆச்சரியப்படுவார்கள்.

அந்த அம்மா நேராகப் பேசியது உனக்கு வலித்திருக்கிறது, புரிகிறது. ஆனால் அவர் ரோட்டரிக்காரர்களிடம் புகார் சொல்லவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியவில்லை. தனக்கு வருத்தம் என்று உன்னிடமே சொன்னார். நம் ஊரில் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் இப்படிப் பேச மாட்டோம் என்பது உண்மைதான். ஆனால் சொந்தப் பிள்ளையிடம் பேசுவோம் அல்லவா?

அவர் பக்கத்தையும் கொஞ்சம் யோசி. ஹோஸ்ட் குடும்பங்கள் சம்பளத்துக்கு உன்னை வைத்திருக்கவில்லை. உனக்கு மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம் தருவது உள்ளூர் ரோட்டரி சங்கம். இந்தக் குடும்பம் தானாக முன்வந்து சோறு, அறை, நேரம் எல்லாம் தருகிறது. அந்த அறை அவர் மகளுடையது. அவளும் இந்நேரம் அர்ஜென்டினாவில் யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறாள். தன் மகளிடம் அந்த வீட்டுக்காரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இவர் ஆசைப்படுகிறாரோ, அப்படி உன்னிடம் நடந்துகொள்ள முயல்கிறார் என்றே நினைக்கிறேன். நீ கதவைச் சாத்திக்கொண்டால் அவர் யாரிடம் போய் அதைச் செய்வார்? பிரேசில் பெண் அறைக்குள் போர்ச்சுகீசிய மொழியில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், நான் வெளியே நின்றுகொண்டு, நம் வீட்டில் இவளுக்கு என்ன குறை என்று தவித்திருக்கிறேன். அந்தத் தவிப்பை இந்த அம்மாவிடமும் பார்க்கிறேன்.

இந்த ஏற்பாடு தொடங்கிய கதை ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்கள் 1915-இல் ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பாகச் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலையைச் செய்தார்கள். போர் முடிந்ததும், இனி ஆம்புலன்ஸ் ஓட்ட வேண்டிய நிலையே வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, பள்ளிப் பிள்ளைகளை அடுத்த நாட்டுக் குடும்பங்களில் தங்கவைக்க முடிவெடுத்தார்கள். 1947-இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்தார்கள். சில வருடங்களுக்குள் ஜெர்மன் பிள்ளைகளும் வந்தார்கள். நேற்றுவரை எதிரி நாடு. ஹாஸ்டலில் தங்கவைத்திருந்தால் செலவோடு போயிருக்கும். எதிரி நாட்டுப் பிள்ளை நம் சமையலறையில் தட்டுக் கழுவுகிறான் என்பதுதான் அவர்கள் நம்பிய மருந்து. ரோட்டரியின் பரிமாற்றத் திட்டம் தனி வரலாறு கொண்டது என்றாலும் அடிப்படை இதேதான். வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தங்கவைப்பதும் அதனால்தான். ஒரே வீட்டைப் பார்த்துவிட்டு ஜெர்மனியே இப்படித்தான் என்று நீ முடிவுகட்டிவிடக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, இதைப் படிக்கிற வேறு பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். அந்த வீட்டில் யாராவது உனக்குப் பிடிக்காத விதத்தில் தொட்டாலோ பேசினாலோ, வேண்டுமென்றே பட்டினி போட்டாலோ, நாள் முழுக்க வேலைக்காரி மாதிரி நடத்தினாலோ, ஒட்டிப்போகப் பார்ப்போம் என்று ஒருநாள்கூடக் காத்திருக்காதே. உனக்கென்று சங்கத்தில் ஒரு கவுன்சிலர், அதாவது உன்னைக் கவனித்துக்கொள்ளும் ஆலோசகர், இருப்பார். அவர் ஹோஸ்ட் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பது ரோட்டரி விதி. அவரிடம் உடனே சொல். அவசரம் என்றால் அங்கே போலீஸுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112. சொன்னால் திட்டத்திலிருந்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நிறையப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நீ மூடாதே.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டு. அம்மா, உங்களிடமும் ஒரு வார்த்தை: தினமும் பேசாவிட்டால் பிள்ளை மறந்துவிடுவாள் என்று பயப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் 2.30 மணிக்குப் பேசுங்கள், அங்கே காலை 10 மணி. ஜெர்மனியில் ஞாயிறு கடைகளெல்லாம் மூடியிருக்கும், வீடும் அமைதியாக இருக்கும், நிதானமாகப் பேசலாம். மற்ற நாட்களில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். அவள் அழுதால் உடனே தேற்றப் பார்க்காதீர்கள், ஹோஸ்ட் அம்மாவிடம் சொன்னாயா என்று கேளுங்கள்.

கண்ணு, நீ இன்று சாயங்காலமே மேசையில் உட்கார்ந்து அந்தக் கடிகார விஷயத்தை அவரிடம் சொல். மன்னிப்புக் கேட்டு உருக வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். சாப்பிட்டதும் பாத்திரங்களை டிஷ்வாஷரில் அடுக்குவது உன் வேலை என்று நீயே எடுத்துக்கொள். எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்குப் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்.

டிசம்பர் வரப்போகிறது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், உனக்கு ஊர் ஞாபகம் இன்னும் வாட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒன்றாக நாலு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். 5-ஆம் தேதி இரவு பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் அதில் இனிப்பு இருக்கும். மகள் இல்லாத வீட்டில் அந்த அம்மாவுக்கும் இது கடினமான மாதம். குக்கீ சுடும்போது கூட நில்லு. ஜனவரியில் அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் ஞாயிறன்று இவர்களைப் போய்ப் பார்க்கிற உறவாக இது ஆக வேண்டும், ஆகும் என்றும் நம்புகிறேன்.

சமையலுக்கு எலுமிச்சை சாதம் செய். அரிசி, எலுமிச்சை, மஞ்சள்தூள், வேர்க்கடலை, கடுகு எல்லாம் அங்கே சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். கறிவேப்பிலைக்கு மட்டும் பெரிய ஊரில் உள்ள ஆசியக் கடைக்குப் போக வேண்டியிருக்கும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சிவப்புப் பருப்பும் எல்லா இடத்திலும் இருக்கிறது, பூண்டு போட்டு ஒரு பருப்பு வை. உருளைக்கிழங்கு வறுவல் அவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். மிளகாயைப் பாதியாகக் குறை. தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடு. அங்கே படுக்கையறைகளிலும் நடையிலும் புகை அலாரம் கட்டாயம், கடுகும் மிளகாயும் பொரிகிற புகைக்கு அது அலறிவிடும். அன்று ஆறு மணிக்கு மேசையில் நீயே பரிமாறு. வேண்டுமா என்று இரண்டு முறை கேள்.